அறுபத்திரண்டில் நிற்கும் முள்

இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். ராபர்ட் முதலாளி கதிரவனுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. எல்லாம் கேபிள் இழுத்த கூலி.

கடலூர் முதுநகரில் ஆற்றங்கரையை ஒட்டி ராபர்ட்டின் படகுப் பட்டறை இருந்தது. அங்கே கடற்படைக்காக ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார்கள். பீரங்கி வைத்த போர்க்கப்பல் இல்லை. கடலுக்கு அடியில் இறங்கி வேலை செய்கிற முக்குளிப்பு வீரர்களை ஏற்றிப் போகிற படகு. அதன் வயிற்றுக்குள் தன் ஆட்களோடு ஊர்ந்து, முட்டி தேய, முதுகு தேய, மேலிருந்து கீழ் வரைக்கும் கரண்டு கேபிளை இழுத்து முடித்தவன் கதிரவன். வேலை முடிந்து மாசங்கள் ஓடிவிட்டன. கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ராபர்ட் ஏமாற்றுகிற ஆள் இல்லை. பையில் காசு இருக்கிற நாளில் கேட்காமலே கொடுப்பார். இப்போது பையில் காசு இல்லை. படகின் ஜெனரேட்டர் படகு மொத்தத்தையும் தாங்குகிறதா என்று கடற்படை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் கடற்படையிலிருந்து அடுத்த தவணை வரும். தவணை வந்தால்தான் கூலி. இதைக் கதிரவன் புரிந்துகொண்டான். அவனோடு வேலை செய்கிற ஆட்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சிதம்பரத்திலிருந்தும் புவனகிரிப் பக்கத்திலிருந்தும் காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்கள். ஆடி முடிவதற்குள் காசு வராவிட்டால் ஒரகடத்துக் கம்பெனி வேலைக்குப் போய்விடுவோம், அங்கே வாரா வாரம் கையில் கொடுக்கிறார்களாம் என்று சொல்லிவிட்டார்கள். கதிரவனுடைய மைத்துனன் தங்கராசு கூட, "நான் எங்க போவப் போறேன் மாமா, ஆனா அவுங்க போனா நானும் போய்த்தான் ஆவணும்" என்றான். ஆட்கள் போய்விட்டால் கதிரவன் மேஸ்திரி இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்தது போல நாள்கூலிக்கு நிற்கிற ஒற்றை ஆள்தான்.

ஆக, எல்லார் தலையும் அந்த ஜெனரேட்டரில்தான் மாட்டியிருந்தது.

ஜெனரேட்டர் என்றாலே ராபர்ட்டுக்குப் பயம். அதற்குக் காரணம் உண்டு. இதற்கு முந்தி இதே மாதிரி ஒரு படகு கட்டிக் கொடுத்தார். அந்தப் படகுக்கு எவ்வளவு கரண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பம்பு விற்றவன் பத்து ஆகும் இடத்தில் பன்னிரண்டு என்றான். ஏசி விற்றவன் அதே மாதிரி கூட்டிச் சொன்னான். படம் வரைந்தவர், இருக்கட்டும் என்று மேலே கொஞ்சம் போட்டார். ஒயரிங் காண்ட்ராக்டர் தன் பங்குக்குப் போட்டார். கடைசியில் ராபர்ட்டும் பயந்துபோய் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார். கல்யாண வீட்டில் அரிசி அளக்கிற கதைதான். சமையல்காரர் ஒரு அளவு சொல்வார். பெண்ணைப் பெற்றவர் அதில் ரெண்டு மரக்கால் கூட்டுவார். மாமன்காரன் வந்து, நம்ம ஜனம் ஜாஸ்தி என்று இன்னும் ஒரு மூட்டையைப் பிரிப்பான். விடிந்து பார்த்தால் அண்டா அண்டாவாகச் சோறு கிடக்கும்.

சோறு மிஞ்சினால் மாட்டுக்கு வைக்கலாம். ஜெனரேட்டர் மிஞ்சினால் என்ன செய்வது? டீசல் இன்ஜின் பாரம் இழுத்தால்தான் நன்றாகச் சூடேறி டீசலை முழுசாய் எரிக்கும். இவ்வளவு பெரிய இன்ஜினுக்கு இத்துனூண்டு வேலை கொடுத்தால் அரைகுறையாய் எரித்து உள்ளே கரி கட்டிக்கொள்ளும். புகைக்குழாயில் கறுப்பாய் எண்ணெய் வடியும். அந்த முதல் படகில் அப்படித்தான் ஆனது. வருஷத்துக்கு ரெண்டு தடவை இன்ஜினைப் பிரித்து மாட்ட வேண்டி வந்தது. எல்லாம் ராபர்ட் செலவு. அந்த அடியில் விழுந்தவர்தான், இன்னும் எழவில்லை.

அதனால்தான் இரண்டாவது படகுக்கு இளமதியை வேலைக்கு வைத்தார். சிதம்பரத்துப் பெண். எலக்ட்ரிகல் படித்துவிட்டு வெளிமாநிலத்தில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் நாலு வருஷம் இருந்தவள். மற்ற இன்ஜினியர்கள் மேலே நின்று கையை நீட்டிக் காட்டுவார்கள். இவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேபிள் போகிற சந்துக்குள் தலையை விடுவாள். வந்த புதிதில் அவள் இந்தப் படகைப் பார்க்கவே இல்லை. அந்தப் பழைய படகில் அனுமதி வாங்கி ஏறி, ஒவ்வொரு லைனிலும் கரண்டு ஓடுவதைக் குறித்து வைக்கிற பதிவு மீட்டரைக் கவ்வவிட்டு, வீரர்களோடு கடலுக்குப் போய்விட்டாள். வாந்தி எடுத்துக்கொண்டே எது எப்போது ஓடுகிறது, எதோடு எது ஓடுகிறது என்று பார்த்திருக்கிறாள். சமையல்காரன் எப்போது அடுப்பை மூட்டுகிறான் என்று கூடக் கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து ஒரு எண்ணைச் சொன்னாள். வேலை உச்சத்தில் இருக்கிற நேரத்தில் படகு தின்பது அறுபத்திரண்டு கிலோவாட். எண்பது கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று ஓடட்டும், அதே அளவில் இன்னொன்று சும்மா துணைக்கு இருக்கட்டும், போதும் என்றாள். பழைய படகில் இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ராபர்ட் வாங்கிப் போட்டார். போட்ட நாள் முதல் தூக்கமில்லை.

பரிசோதனைக்குத் தேதி குறித்த பிறகு சென்னையிலிருந்து ஒரு ஜெனரேட்டர் வியாபாரி காரில் வந்து இறங்கினான். இந்த எண்பதைத் தானே திருப்பி எடுத்துக்கொள்வதாகவும், நூற்று இருபத்தைந்து போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றும் ராபர்ட்டுக்கு ஓதினான். போகிற போக்கில் கதிரவனின் தோளிலும் கையைப் போட்டான். பெரிய ஜெனரேட்டர் வந்தால் பெரிய கேபிள் வரும், பழையதை உருவிவிட்டுப் புதிதாய் இழுக்க வேண்டும், உனக்கும் ரெண்டு மாசம் வேலை என்று காதோடு சொன்னான். ராபர்ட் இளமதியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் நூற்று இருபத்தைந்து வேண்டும் என்று புதுக் கணக்கு ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதிரவன் சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் இருந்த இளமதியின் வீட்டுக்குப் போனான். வேறு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். கணக்குப் போட்டவளையே கேட்டுவிடுவது என்று போனான். ஜெனரேட்டர் மாறினால் பரிசோதனை தள்ளிப்போகும். தள்ளிப்போனால் ஆடி போய்விடும். ஆட்களும் போய்விடுவார்கள். மாறாமல் போய்ப் பரிசோதனையில் தோற்றாலும் அதே கதிதான்.

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இளமதியின் அம்மா தில்லையம்மாள் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே அவனை உட்காரச் சொன்னார்.

"மேடம், மனசுல வச்சிக்காம சொல்லுங்க. அந்த எம்பது நெசமாலுமே தாங்குமா?" என்று கேட்டான் கதிரவன்.

இளமதி வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டினாள். கிரைண்டர், தண்ணி மோட்டார், அயர்ன் பாக்ஸ், ஏசி, மிக்சி. எல்லாவற்றையும் ஒன்றாய்க் கூட்டினால் இந்த வீட்டுக்கு வந்திருக்கிற லைன் தாங்கவே தாங்காது என்றாள். ஆனால் என்றைக்காவது பியூஸ் போயிருக்கிறதா என்று அம்மாவைக் கேட்கச் சொன்னாள்.

"ஏன் போவுது?" என்றார் தில்லையம்மாள். "மாவு ஓடுறப்ப நான் மோட்டார் போட மாட்டேன். துணி தேய்க்கிறேன்னு இவ வந்து நின்னா, போடி அப்பறம்னு தொரத்திருவேன். மூணயும் ஒண்ணாப் போட்டா யாரு தாங்குவா? நானே தாங்க மாட்டேன்."

"இதான்ணே விசயம்," என்றாள் இளமதி. "என்னென்ன இருக்குதுன்னு கூட்டக் கூடாது. எதுகூட எது ஓடுதுன்னு பாக்கணும். ஆளு கீழ தண்ணிக்குள்ள இருக்கிறப்ப எவனாச்சும் நங்கூரத்தத் தூக்குவானா? தூக்க மாட்டான். அப்போ நங்கூர மோட்டாரையும் காத்து அடைக்கிற கம்ப்ரசரையும் ஒண்ணாச் சேத்து எழுதுனா அது பொய்க் கணக்கு."

"பயமா இல்லியா உங்களுக்கு?"

"பயம் இருக்குது. அந்தப் பயத்துக்குன்னு அறுவத்திரெண்டுக்கு மேல ஒரே ஒரு தடவ சேத்து எம்பது ஆக்கியிருக்கேன், எல்லாருக்கும் தெரியிற மாதிரி. ஆளாளுக்கு ஒளிச்சு ஒளிச்சு சேக்கல."

கதிரவன் வியாபாரி சொன்னதையும் சொல்லிவிட்டான். உங்களுக்கு லாபம்தானே என்று இளமதி சிரித்தாள்.

"ஒருதரம் உள்ள போன கேபிள உருவுறது, பெத்த புள்ளய மறுபடி வயித்துக்குள்ள வைக்கிற மாதிரி மேடம். அந்தக் காசு எனக்கு வேணாம்."

தில்லையம்மாள் சிரித்த சிரிப்பில் மாவு தெறித்தது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று தோசை வார்த்தார். கதிரவன் மனசு லேசாகி ரயில் ஏறினான். கணக்கு முழுசாய்ப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நங்கூரமும் ஆளும் என்கிற விஷயம் நன்றாகப் புரிந்தது. அது புரிந்ததும் மற்றதையும் நம்பலாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை இளமதி கையெழுத்துப் போடவில்லை. பரிசோதனையில் மீட்டர் முள் தன் எண்ணைத் தாண்டிப் போனால் தானே வேலையை விட்டுப் போய்விடுவதாக ராபர்ட்டிடம் சொன்னாள். ராபர்ட் முதல் படகுக்கு அழுத ரிப்பேர் பில்லுகளை எடுத்துப் பார்த்தார். பிறகு வியாபாரிக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னார்.

பரிசோதனை நாள் ஓர் ஆடி வெள்ளி. அன்றைக்கென்று முதுநகர் முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலையிலேயே கரண்டை நிறுத்தியிருந்தது. பட்டறைக்கு அடுத்த குப்பத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழாவும் அன்றைக்குத்தான். பட்டறைப் படகுகள் ஏறி இறங்குகிற சரிவு ஒரு காலத்தில் குப்பத்து ஜனங்கள் வலை உலர்த்திய இடம். அதை விட்டுக்கொடுத்ததற்கு மாற்றாக ஒவ்வொரு ஆடியிலும் திருவிழாவுக்கு லைன் கொடுப்பது பட்டறையின் வழக்கம். யாரும் எழுதி வைத்த ஒப்பந்தம் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கொடுப்பது போலத்தான்.

காலையில் கதிரவன் படகின் ஸ்விட்ச் போர்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு திருகாய்ச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குப்பத்துச் செல்லாயி கரையில் வந்து நின்றாள். மீன் ஏலம் எடுத்து ஐஸ் போட்டு அனுப்புகிறவள். சாமிக்கு லைன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டாள். கதிரவன் தலையை வெளியே எடுக்காமலே, "எங்கியாவது ஒரு லைன் பாத்துக் குடுத்துட்டு வாடா மாப்ள" என்று தங்கராசுவிடம் சொல்லிவிட்டு அடுத்த திருகுக்குப் போனான்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கூட ரெண்டு கடற்படை ஆட்கள். அதிகாரி வடநாட்டுக்காரர், ஆனால் சென்னையில் நாள்பட இருந்ததால் தமிழ் ஓரளவு வந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. படகு துறையில் கட்டியிருந்தது. ஒரு ஜெனரேட்டரை மட்டும் ஓட்டச் சொன்னார். முக்குளிப்பு நடக்கிற நேரத்தில் என்னென்ன ஓடுமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். எண்பதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது முள் எழுபத்திரண்டைத் தாண்டினால் படகு தோற்றது என்று எழுதிவிடுவேன் என்று முதலிலேயே நிதானமாகச் சொன்னார்.

விளக்குகள் எரிந்தன. ஏசி ஓடியது. ராடார் சுற்றியது. தண்ணீர் பம்பு, குளிர்பெட்டி, சமையலறை. ஒவ்வொன்றுக்கும் முள் ஒரு படி ஏறியது. இளமதி பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். கம்ப்ரசர் ஒன்று பாக்கி இருக்கும்போதே முள் அவள் எதிர்பார்த்ததைவிட மேலே நின்றது. கம்ப்ரசரையும் போட்டார்கள்.

எழுபத்து நாலு.

அதுவும் சும்மா நிற்கவில்லை. எழுபத்து ஆறுக்கு எகிறும், எழுபத்து மூன்றுக்கு இறங்கும், மறுபடி எகிறும். ஜெனரேட்டரின் குரல் கனத்துப் போயிற்று. ராபர்ட் முகத்தில் ரத்தம் இல்லை. பெரிதாய்ப் போட்டிருக்கலாம், ஆள் சொன்னான், நான் கேட்கவில்லை என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

இளமதி முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சார், கொஞ்சம் பொறுங்க. இது நம்ம படகு திங்கிறது இல்ல" என்றாள்.

வேறு யார் தின்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். குரலில் கிண்டல் இல்லாமல் இல்லை.

"தெரியல சார். ஆனா இதுல இருக்கிற எந்த மிஷினும் இப்பிடி மென்னு மென்னு திங்காது. எதையோ போட்டுக் கடிக்கிது பாருங்க, விடுது, மறுபடி கடிக்கிது. ஒவ்வொரு லைனா அளந்து பாத்துடறேன்."

மதியச் சாப்பாடு வரைக்கும் நேரம் கொடுத்தார். இளமதி டாங் டெஸ்டரை எடுத்தாள். நண்டுக் கொடுக்கு மாதிரி ஒயரைக் கவ்விப் பிடித்தால் உள்ளே ஓடுகிற கரண்டைச் சொல்லிவிடுகிற கருவி. போர்டைத் திறந்து முதல் லைனிலிருந்து ஆரம்பித்தாள். எத்தனையோ லைன்கள். சாப்பாட்டுக்குள் முடியுமா என்று கதிரவனுக்குத் தெரியவில்லை. அவனே இழுத்த கேபிள்கள் அத்தனையும். எங்காவது தான் பிசகிவிட்டோமோ என்று தோன்றியது. மேல்தளத்துக்கு ஏறி வந்தான்.

வெளியே காற்று நன்றாக அடித்தது. குப்பத்திலிருந்து மைக் செட்டில் அம்மன் பாட்டு கணீரென்று வந்தது. அதோடு சேர்ந்து, கரக் கரக் என்று இன்னொரு சத்தம். ஐஸ் உடைக்கிற மிஷின். ஐஸ் பாளத்தை வாயில் தள்ளினால் கடித்து அரைக்கும், தீர்ந்ததும் சும்மா சுற்றும், அடுத்த பாளத்தைத் தள்ளினால் மறுபடி கடிக்கும்.

கதிரவன் அப்படியே நின்றான். முதுநகர் முழுக்கக் கரண்டு இல்லை. டீக்கடையில் விளக்கில்லை, பட்டறையில் மின்விசிறி சுற்றவில்லை. குப்பத்தில் மட்டும் எப்படி மைக் பாடுகிறது?

தங்கராசுவைத் தேடிப் பிடித்தான். பின்பக்கத் தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். "எங்கடா லைன் குடுத்த?"

தங்கராசு வெள்ளந்தியாகச் சொன்னான். பட்டறையின் பழைய ஜெனரேட்டரைக் கிளப்பப் பார்த்திருக்கிறான், பேட்டரி செத்துக் கிடந்தது. அதற்குள் படகில் பரிசோதனைக்காகப் புது ஜெனரேட்டர் ஜம்மென்று ஓட ஆரம்பித்திருந்தது. பின்தளத்தில் பெரிய சாக்கெட் ஒன்று சும்மாதானே இருக்கிறது என்று அதிலிருந்து இழுத்துவிட்டான். துறையில் ஆயிரம் ஒயர் கிடக்கிற இடத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. சாமிக்குத்தானே மாமா, மைக் செட்டு மட்டும்தான் சொன்னாங்க என்றான். மைக் செட்டுக்கு என்று வாங்கிய லைனில் செல்லாயி தண்ணி மோட்டாரையும் போட்டு, மீன் கெட்டுப்போகிறதே என்று ஐஸ் மிஷினையும் போட்டிருந்தாள்.

அவனைத் திட்ட வாயெடுத்தவனுக்குத் தன் குரலே காதில் கேட்டது. எங்கியாவது ஒரு லைன் பாத்துக் குடுத்துட்டு வாடா மாப்ள. சொன்னது தான்தான்.

சாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டால் முள் தானே இறங்கிவிடும். யாருக்கும் தெரியாது. ராபர்ட்டுக்குத் தெரிந்தால் பாக்கியைக் கேட்கவே வாய் இருக்காது. கதிரவனின் கை சாக்கெட் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. காரணம் தெரியாமல் ஏறிய முள் காரணம் தெரியாமல் இறங்கினால் அந்த அதிகாரி என்ன எழுதுவார்? இந்தப் படகை நம்ப முடியாது என்று எழுதுவார். அந்தப் பெண் வாந்தி எடுத்துக்கொண்டே சேர்த்த கணக்கு குப்பைக்குப் போகும். கீழே அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு ஒயராய்க் கவ்விக்கொண்டிருக்கிறாள்.

கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

"சார், தப்பு என்னுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். "குப்பத்துத் திருவிழாவுக்கு இந்தப் படகுலருந்து லைன் போயிருக்குது. நான்தான் குடுக்கச் சொன்னேன்."

 ராபர்ட் வெடித்தார். கடற்படைப் படகில் கொக்கி போட்டுக் கரண்டு திருடினாயா என்று கேட்டார். இனிமேல் பட்டறை வாசலை மிதிக்காதே என்றார். "பாக்கி கீக்கின்னு வந்து நின்ன, நான் மனுசனா இருக்க மாட்டேன். அத மறந்துடு" என்றார்.  அதிகாரி உடனே அந்த லைனைப் பிடுங்கச் சொன்னார். தங்கராசு ஓடினான்.

"புடுங்காதீங்க" என்றாள் இளமதி. சத்தமாய்ச் சொல்லவில்லை, ஆனால் தங்கராசு நின்றுவிட்டான். "சார், புடுங்குனா முள்ளு எறங்கும், சரி. எதனால எறங்குச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா? மொதல்ல அத அளந்துடலாம்."

 அதிகாரி தலையாட்டினார். எல்லாரும் பின்தளத்துக்குப் போனார்கள். இளமதி மண்டியிட்டுக் குப்பத்துக்குப் போகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பிடித்தாள். அதிகாரியின் ஆள் ஒருவன் கீழே நின்று அதே நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று கத்திச் சொன்னான். கரக் என்று ஐஸ் மிஷின் கடித்தபோது டெஸ்டரில் எண் ஏறியது, கீழே முள்ளும் ஏறியது. விட்டபோது ரெண்டும் இறங்கின. அம்மன் பாட்டில் உடுக்கை அடிக்கிற இடத்தில் கூட எண் துளி அசைந்தது. இளமதி கணக்குப் போட்டாள். அதிகாரி அவள் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. தானே கைபேசியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முள் எழுபத்து நாலில் இருந்த கணத்தில் குப்பம் தின்றது பன்னிரண்டு. எழுபத்து நாலில் பன்னிரண்டு போனால் அறுபத்திரண்டு.

அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. திரையைத் திருப்பி ராபர்ட்டிடம் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் செல்லாயி கரையில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். மைக் ஏன் கமறுகிறது, சாமி சோலி நடக்கும்போது லைனில் கை வைக்கிறது யார் என்று கேட்டாள். இது கடற்படைக் கரண்டு, உன் ஐஸ் மிஷினுக்குக் கொடுத்தது இல்லை என்று ராபர்ட் எகிறினார்.

"மீனு நாறிப் போனா உங்க கடல்படை வந்து வாங்கிக்குமா மொதலாளி?" என்றாள் செல்லாயி. "சாமிக்குக் குடுத்த கரண்டுல ஒரு வாய் மீனுக்குக் குடுத்தேன். அதுக்குப் போயி இத்தன ஆபீசரா?"

அதிகாரிக்கு அது பாதிதான் புரிந்திருக்கும். சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்து முடித்ததும் கதிரவன் பக்கம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. தண்ணீருக்குள் ஆள் இருக்கிற நேரத்தில் இப்படி ஓர் ஒயர் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். படகில் ஒரு சாக்கெட்டைத் தொடுவதென்றாலும் இனி கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்றார். கதிரவன் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டான். அது நியாயமான திட்டு.

லைனைப் பிடுங்கினார்கள். குப்பத்தில் பாட்டு பாதியில் நின்றது. கீழே முள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அறுபத்திரண்டில் வந்து, ஆணி அடித்த மாதிரி நின்றது.

அதோடு அதிகாரி விடவில்லை. முக்குளிப்பு நடக்கும்போதே படகில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, ஓடுகிற எல்லாவற்றோடும் சேர்த்துத் தீயணைப்புப் பம்பையும் போடச் சொன்னார். இளமதியே போய்ப் பொத்தானை அழுத்தினாள். முள் துள்ளி எழுபத்தொன்றைத் தொட்டு, அதே வேகத்தில் அறுபத்தொன்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. விளக்கு ஒன்று கூடக் கண் சிமிட்டவில்லை. மேல்தளத்தில் தண்ணீர் வெள்ளைத் தூணாய் எழும்பி ஆற்றில் விழுந்தது. கரையில் நின்ற பட்டறை ஆட்கள் விசில் அடித்தார்கள். செல்லாயி கூட வாயில் கை வைத்துப் பார்த்தாள். அதே பாரத்தில் ஒரு மணி நேரம் ஓடியது ஜெனரேட்டர். புகைக்குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. புகை கண்ணுக்கே தெரியவில்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். தான் எத்தனையோ படகுகளைப் பரிசோதித்திருப்பதாகவும், ஒரு படகையும் ஒரு குப்பத்தையும் சேர்த்து ஒரே ஜெனரேட்டர் விழாமல் சுமந்ததை இன்றைக்குத்தான் பார்ப்பதாகவும் ராபர்ட்டிடம் சொன்னார். இளமதியிடம் அந்தப் பழைய படகின் அளவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதே மாதிரி இனி வரப்போகிற படகுகளுக்கும் அவளையே கணக்குப் போடச் சொல்லி எழுதப் போவதாகச் சொன்னார். இளமதி சரி என்று மட்டும் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் போனதும் கயிற்றுச் சுருளின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.  சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், அம்மாவுக்குப் போன் போட்டாள்.

ராபர்ட் தன் காரின் பேட்டரியைக் கழற்றித் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய ஜெனரேட்டரில் மாட்டினார். அது இருமிக் கிளம்பியது. குப்பத்தில் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் செல்லாயி பெரிய தூக்கில் கூழும், வெங்காயமும், சுட்ட கருவாடும் எடுத்துக்கொண்டு படகுக்கே வந்துவிட்டாள். அதிகாரி வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ரெண்டு டம்ளர் குடித்தார்.

ராபர்ட் கதிரவனுக்கு எதிரே வந்து நின்றார். தன் டம்ளரை அவன் கையில் கொடுத்தார்.

"நீ வாய மூடிக்கிட்டு புடுங்கியிருந்தா நான் இன்னிக்கு தெருவுல நின்னிருப்பேன் கதிரு" என்றார். "கோவத்துல சொன்னத கணக்குல வச்சிக்காத. தவணை வந்த அன்னிக்கே உன் காசு."

கதிரவன் கூழைக் குடித்தான். அன்று மாலை ரயிலில் ஆட்களிடம் நடந்ததைச் சொன்னபோது யாரும் ஒரகடத்தைப் பற்றிப் பேசவில்லை. தங்கராசு மட்டும், தான் லைன் கொடுத்ததால்தான் படகு ஜெயித்தது என்று புவனகிரிக்காரர்களிடம் அளந்துகொண்டு வந்தான். கதிரவன் அவன் தலையில் ஒன்று வைத்தான்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் தவணை வந்தது. ராபர்ட் சொன்னபடியே அன்றைக்கே கைபேசியை எடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகாது என்று அது தடுத்துவிட்டது. பேங்குக்குப் போகலாம் என்றால் தொடர்ந்து விடுமுறை. அதனால் முதல் நாள் ஒரு லட்சம் அனுப்பினார். மறுநாள் ஒரு லட்சம். வந்த காசைக் கதிரவன் அந்தந்த நாளே ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாள் அவன் அடுத்து வரப்போகிற படகுக்கு வழி பார்க்க இளமதியோடு இந்தப் படகின் கேபிள் சந்துக்குள் படுத்திருந்தபோது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. படுத்தவாக்கில் எடுத்துப் பார்த்தான். பதினேழாயிரத்து நானூற்று ஐம்பது. மேலே வா, டீ வந்திருக்கிறது, பாக்கி தீர்ந்தது என்று ராபர்ட் தளத்திலிருந்து குரல் கொடுத்தார்.